குறை சாப்பாட்டில் இல்லை: ஒரு டயாலிசிஸ் நோயாளியின் அல்புமின், சிஆர்பி, பழைய கிராஃப்ட்

டயாலிசிஸ் எடுப்பவருக்கு ரத்தத்தின் முக்கியப் புரதமான அல்புமின் இறங்கினால் முதல் கேள்வி அவர் வீட்டுச் சமையலறைக்குத்தான் போகும். என்ன சாப்பிடுகிறார், முட்டை வெள்ளைக்கரு எத்தனை, மீன் உண்டா, யார் சமைக்கிறார்கள் என்று கேட்போம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பல இடங்களில் அதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. சமைத்துப் போடுபவர் தலையில் பழி விழுகிறது, உடம்புக்குள் எங்கோ இருக்கும் காரணம் அப்படியே கிடக்கிறது. இது அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனதால் தேறிய ஒருவரைப் பற்றிய ஆய்வு.

நான் சிங்கப்பூரில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் தாதியாக இருக்கிறேன். அவரும் அவர் மனைவியும் ஒப்புக்கொண்ட பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ரத்த முடிவுகள் நகர்ந்த திசையையும் வரிசையையும் மாற்றவில்லை.

நோயாளி

வயது 63. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். யீஷூனில் மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மனைவியோடு இருக்கிறார். இரண்டு பெண்களும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். நாற்பதுகளில் நீரிழிவு வந்தது, 58 வயதில் சிறுநீரகம் முழுதாக நின்றுபோனது. இங்கே இது புதிய கதை இல்லை. சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழக்கும் மூவரில் ஏறக்குறைய இருவருக்கு நீரிழிவுதான் காரணம். வாரம் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, வீட்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் மையத்துக்கு வருவார். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம்.

மெஷினுக்கு ரத்தத்தை எடுத்துத் திருப்பிவிட அவருக்கு அமைத்த ரத்தக்குழாய் வழிகளின் வரலாறு இந்த ஆய்வுக்கு முக்கியம். முதலில் கழுத்துச் சிரைக்குள் போடும் குழாயான கத்தீட்டர். சிரைகள் மெலிந்திருந்ததால் பிறகு இடது முன்கையில் கிராஃப்ட் வைத்தார்கள். கிராஃப்ட் என்பது தோலுக்கடியில் தமனியையும் சிரையையும் இணைக்கும் செயற்கைக் குழாய். அவருக்கு வளையமாக வைத்திருந்தது. இரண்டு ஆண்டு ஓடியது. இடையில் குறுகி, பலூன் வைத்து விரித்தார்கள். ஒரு நாள் உறைந்து அடைத்தது, திறக்க முடியவில்லை. பிறகு வலது மேல்கையில் ஃபிஸ்டுலா, அதாவது சொந்தத் தமனியையும் சிரையையும் நேராக இணைத்த வழி, அமைந்தது. அது இன்றுவரை நன்றாக ஓடுகிறது. இடது கையில் இருந்த குழாயை அப்படியே விட்டுவிட்டார்கள்.

விட்டதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அடைத்துப்போன கிராஃப்ட்டை எடுக்க இன்னோர் அறுவை சிகிச்சை வேண்டும். சுற்றியுள்ள நரம்புக்கும் தமனிக்கும் ஆபத்து உண்டு. தொந்தரவு கொடுக்காத வரை உள்ளேயே விடுவதுதான் எல்லா ஊரிலும் வழக்கம். சிங்கப்பூரில் இப்படிப் பழைய குழாயைக் கையில் சுமந்துகொண்டு டயாலிசிஸுக்கு வருபவர்களை எந்த மையத்திலும் பார்க்கலாம்.

எண்கள் நகர்ந்த விதம்

ஜனவரியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் புரதமான சிஆர்பி லிட்டருக்கு 4 மில்லிகிராம். அல்புமின் லிட்டருக்கு 39 கிராம். ஹீமோகுளோபின் 11.1. ரத்தம் ஊறுவதற்கான ஈபிஓ ஊசி வாரத்துக்கு 6,000 யூனிட். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 460, மஜ்ஜைக்குப் போகும் இரும்பைக் காட்டும் இரும்பு நிறைவு 28 சதவீதம். டிரை வெயிட், அதாவது அதிகத் தண்ணீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, 66.5 கிலோ.

பங்குனி உத்திரத்தன்று யீஷூன் ஹோலி ட்ரீ ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்குப் போனவர், கூட்டத்தில் நிற்க முடியாமல் பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். வெயில் என்று நினைத்தார்கள். ஏப்ரலில் சிஆர்பி 17. அப்போது சளி, இருமல் இருந்தது; அந்தக் கணக்கில் போனது. சளி போய்விட்டது, எண் இறங்கவில்லை. ஜூனில் 29, ஜூலையில் 34.

அதே ஜூலையில் அல்புமின் 31. ஈபிஓவை 16,000 யூனிட் வரை ஏற்றியும் ஹீமோகுளோபின் 8.7இல் நின்றது. ஃபெரிட்டின் 1,180க்குப் போயிருந்தது, ஆனால் இரும்பு நிறைவு 15 சதவீதம்தான். காய்ச்சல் இல்லை. குளிர் நடுக்கம் இல்லை. வெள்ளணு 8.6, அதாவது யாரும் திரும்பிப் பார்க்காத எண். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் நியூட்ரோஃபில் 6.8, லிம்ஃபோசைட் 1.0. ஜனவரியில் இந்த விகிதம் 3 அளவில் இருந்தது, இப்போது 7க்குப் பக்கத்தில். தனியாகக் காசு கொடுத்துச் செய்யும் பரிசோதனை இல்லை இது. மாதாமாதம் வரும் ரத்த எண்ணிக்கைத் தாளிலேயே இருக்கிறது. அழற்சி கூடும்போது இந்த விகிதமும் கூடும் என்பது டயாலிசிஸ் நோயாளிகளிடம் பல தடவை பார்க்கப்பட்ட விஷயம்.

கேடி/வி 1.5. அதாவது டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறது. மெஷின் மேல் பழி போட வழியில்லை.

வீட்டுச் சமையல்

அப்புறம் வழக்கம்போல் சாப்பாட்டுக் கேள்வி வந்தது. அவர் மனைவி அடுத்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஈரச்சந்தையில் வாங்கிய தெங்கிரி மீனின் எடைகூட அதில் எழுதியிருந்தது.

"மிஸ்ஸி, காலையில மூணு வெள்ளைக்கரு, மத்தியானம் மீனு, ராத்திரி கோழி. தட்டுல மிச்சம் வைக்கிறதில்ல. நான் இன்னும் என்னத்த ஆக்கிப் போடறது, சொல்லுங்க."

குரலில் கோபத்தைவிட அசதிதான் இருந்தது. மகள்கள், பக்கத்து வீட்டார், சிகிச்சை நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் எல்லாரும் அவருக்கு ஆலோசனை சொல்லியிருந்தார்கள். புரதப் பொடி டப்பா இரண்டு வீட்டில் இருந்தது.

உணவியல் நிபுணர் மூன்று நாள் உணவுக் குறிப்பை எடுத்தார். ஒன்று டயாலிசிஸ் நாள், ஒன்று வார இறுதி. புரதம் உடல் எடைக்கு ஒரு கிலோவுக்கு 1.1 கிராம் வந்தது, சக்தி ஏறக்குறைய 29 கிலோகலோரி. டயாலிசிஸ் எடுப்பவருக்குச் சொல்லப்படும் அளவு 1.0 முதல் 1.2 கிராம் புரதம், 25 முதல் 35 கிலோகலோரி. யூரியாவை வைத்துக் கணக்கிடும் புரத அளவும் அதையே சொன்னது. உடம்பின் சொந்தத் தசை கரையும்போதும் யூரியா ஏறும் என்பதால் அந்தக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. ஆனால் நோட்டுப் புத்தகமும் யூரியாவும் ஒரே பக்கம் பேசின. அந்த அம்மா சொன்னது சரி. சாப்பாட்டில் குறை இல்லை.

அப்படியானால் அல்புமின் ஏன் இறங்குகிறது? அல்புமினைச் செய்வது கல்லீரல். உடம்பில் எங்காவது தொற்றோ காயமோ இருந்தால் அங்கிருக்கும் செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப்புரதத்தை ரத்தத்தில் விடும். அது கல்லீரலுக்குப் போனதும் கல்லீரலின் வேலை வரிசை மாறிவிடுகிறது. சிஆர்பி, ஃபெரிட்டின், ஹெப்சிடின் போன்றவை அதிகம் தயாராகும். அல்புமின் உற்பத்தி குறையும். டயாலிசிஸ் நோயாளிகளின் குறைந்த அல்புமினுக்குப் பின்னால் உணவுக் குறையோடு இந்த அழற்சியும் பெரிய பங்கு வகிக்கிறது என்பதை ஜார்ஜ் கேசன் 1990களிலேயே காட்டினார். இந்த நிலையில் எத்தனை முட்டை கொடுத்தாலும் எண் ஏறாது.

ஹீமோகுளோபினின் கதையும் அதேதான். ஹெப்சிடின் கூடினால் இரும்பு சேமிப்பு அறைக்குள்ளேயே பூட்டப்படும். சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 1,180. எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச்சேரும் இரும்பைக் காட்டும் நிறைவு 15. இரண்டையும் சேர்த்துப் படித்தால் இரும்பு இருக்கிறது, கைக்கு எட்டவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஈபிஓவை ஏற்றிக்கொண்டே போவதில் பலன் இல்லை, ரத்தக்குழாய்களுக்கு ஆபத்தும் உண்டு. தொற்று இருக்குமோ என்ற சந்தேகத்தில் சிரை வழி ஊசியாகக் கொடுக்கும் இரும்பையும் நிறுத்தி வைத்தார்கள்.

இந்த எண்களை ஏன் அவசரமாக எடுத்துக்கொண்டோம்

சிஆர்பியை 1930இல் ராக்ஃபெல்லர் கழகத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டார்கள். தொற்று தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறி, இரண்டு நாளில் உச்சம் தொடும். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 19 மணி நேரம், அதனால் காரணம் போனால் சீக்கிரம் இறங்கும். இறங்காமல் மூன்று மாதம் உட்கார்ந்திருக்கும் சிஆர்பிக்குப் பின்னால் இறங்காத காரணம் ஒன்று இருக்கிறது.

டயாலிசிஸ் நோயாளிகளில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு இது எப்போதும் சற்று உயர்ந்தே இருக்கும். சிறுநீரகம் நின்றால் அழற்சிப் புரதங்கள் ரத்தத்திலிருந்து வெளியேறுவது குறையும். கத்தீட்டர், கிராஃப்ட், ரத்தத்தை வடிகட்டும் டயாலைசர் சவ்வு, உடம்பில் தேங்கும் தண்ணீர் எல்லாம் தங்கள் பங்கைச் சேர்க்கும். 1999இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் குழு 280 டயாலிசிஸ் நோயாளிகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தது. தொடக்கத்தில் சிஆர்பி உயர்ந்திருந்தவர்கள் அதிகம் இறந்தார்கள், இதய நோயாலும் மற்ற காரணங்களாலும். அதற்கு முன்பே, 1993இல், 13,000க்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு, இறப்பை முன்கூட்டிச் சொல்வதில் டயாலிசிஸ் எவ்வளவு நடந்தது என்ற கணக்கைவிட அல்புமின் வலிமையானது என்று காட்டியிருந்தது. ஸ்வீடனின் பீட்டர் ஸ்டென்வின்கெல் குழு சத்துக்குறைவு, அழற்சி, ரத்தக்குழாய் அடைப்பு மூன்றையும் ஒரே முடிச்சாகப் பார்க்கச் சொன்னது.

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் யோசனை தருவது: பல நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஜப்பானிய டயாலிசிஸ் நோயாளிகளின் சிஆர்பி மேற்கத்திய நாட்டவரைவிட மிகக் குறைவு, அவர்கள் நீண்ட நாள் வாழவும் செய்கிறார்கள். அங்கே பெரும்பாலானோர் சொந்த ரத்தக்குழாயில் அமைத்த ஃபிஸ்டுலா வழியாகத்தான் டயாலிசிஸ் எடுக்கிறார்கள். கத்தீட்டரும் செயற்கைக் குழாயும் அங்கே குறைவு. இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டயாலிசிஸ் தொடங்கும் முன்பே ஃபிஸ்டுலா வைத்துக்கொள்ளச் சொல்லி நாங்கள் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. கையில் வீக்கம் தெரியுமே, கல்யாண வீட்டில் கேட்பார்களே என்று நம் ஆட்கள் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட்டால் கழுத்தில் கத்தீட்டர்தான் வரும்.

தேடல்

ஒரு தடவை எடுத்த சிஆர்பியை வைத்து யாரும் ஓடக் கூடாது. முந்தின நாள் பல் வலித்திருந்தாலே ஏறும். இவருக்கோ அடுத்தடுத்து மூன்று முடிவு, அல்புமினும் ஹீமோகுளோபினும் துணைக்கு. சிறுநீரக மருத்துவர் தலை முதல் கால் வரை தேடச் சொன்னார்.

முதலில் தண்ணீர். டயாலிசிஸ் நீரில் கிருமியின் நச்சு இருந்தால் அது சவ்வு வழியாக ரத்தத்துக்குப் போய் அழற்சியைக் கிளப்பும். மிகத் தூய நீர் என்று சொல்ல வேண்டுமென்றால் ஒரு மில்லிலிட்டரில் கிருமி 0.1க்குக் கீழும் எண்டோடாக்சின் என்ற அந்த நச்சு 0.03 யூனிட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். எங்கள் பதிவுகள் சரியாக இருந்தன. அதே வேளையில் அதே வரிசை மெஷின்களில் இருந்த மற்றவர்களின் சிஆர்பியும் அசையவில்லை. ஒரே ஒருவருக்கு ஏறினால் தண்ணீரைவிட அந்த ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

வாய். இரண்டு பல் ஆடியது, ஈறில் சீழ். பல் மருத்துவர் சுத்தம் செய்து ஒரு பல்லை எடுத்தார். சிஆர்பி 34இலிருந்து 30. கொஞ்சம் இறங்கியது, போதவில்லை.

நெஞ்சு எக்ஸ்ரே தெளிவு. நீரிழிவும் டயாலிசிஸும் சேர்ந்தால் காசநோயை மறக்கக் கூடாது. அதற்கான அறிகுறி எதுவும் கிடைக்கவில்லை. ரத்த வளர்ப்புச் சோதனை இரண்டு தடவை, கிருமி வரவில்லை. எக்கோவில் இதய வால்வில் தொற்று இல்லை. சிறுநீர் போகாதவர்களின் சிறுநீர்ப்பையில் சீழ் தேங்குவதுண்டு. அதுவும் ஸ்கேனில் காலியாக இருந்தது. காலில் புண் இல்லை.

பிறகு தேங்கிய தண்ணீர். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தராசை ஏமாற்றும். ஆறு மாதமாக அவர் டிரை வெயிட் 66.5 என்றே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த எடைக்குக் கொண்டுவந்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆனால் தசை கரைந்துகொண்டிருந்தது. கரைந்த சதையின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது, அதனால் தராசில் எடை மாறவில்லை. சட்டைக் காலர் தளர்ந்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது, கணுக்காலில் மட்டும் விரல் பதிந்தது. கைப்பிடி வலிமை 21 கிலோ. ஆசிய அளவுகோலில் ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே என்றால் வலிமைக் குறைவு. டிரை வெயிட்டைப் படிப்படியாக 62 வரை இறக்கினோம். ரத்த அழுத்தம் சீரானது, மூச்சு இலகுவானது. தண்ணீர் தேங்கினால் குடல் சுவர் வீங்கி அங்கிருந்தும் நச்சு ரத்தத்தில் கசியும் என்று கருதப்படுகிறது. அதனால் இதைச் சரிசெய்வது எப்படியும் வேண்டியதுதான். ஆனால் சிஆர்பி 28இல் நின்றது.

இடது கை

மையத்தில் ஏர்கான் குளிர் அதிகம். அவர் முழுக்கைச் சட்டை போட்டு, வலது கையை மட்டும் மடித்துவிட்டு, இடது கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரமும் படுத்திருப்பார். ஊசி போடுவது வலது கை. ரத்த அழுத்தப் பட்டை கட்டுவது இடது மேல்கை, சட்டையின் மேலேயே. இடது முன்கையை யாரும் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை.

இதுவரை போட்ட எல்லா வழிகளையும் தொட்டுப் பாருங்கள் என்று மருத்துவர் எழுதியிருந்தார். சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினேன். பழைய ஊசித் தழும்புகள் இரண்டு வரிசையாகப் புள்ளி வைத்தாற்போல் இருந்தன. சிவப்பு இல்லை, சூடு இல்லை. தோலுக்கடியில் குழாய் கெட்டியாக, உருண்டையாகத் தட்டுப்பட்டது. முழங்கை மடிப்பிலிருந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். வளையம் திரும்பும் இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு, குழாயைச் சுற்றிலும் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. அவர் மணிக்கட்டு லேசாகப் பின்னால் போனது.

"வலிக்குதா ஐயா?"

"வலின்னு இல்ல மிஸ்ஸி. ஒரு மாதிரியா இருக்கு. இவ்வளவு நாளா யாரும் தொடல, அதனால சொல்லல."

அல்ட்ராசவுண்டில் அந்த வளைவைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் தெரிந்தது. அது மட்டும் தொற்றை நிரூபிக்காது. நோயாளியின் வெள்ளணுக்களை எடுத்துக் கதிரியக்கக் குறியிட்டு மறுபடி உடம்பில் செலுத்தி எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்க்கும் ஸ்கேன் செய்தார்கள். இடது முன்கை வளைவில் அவை கூடியிருந்தன. உடம்பில் வேறெங்கும் அப்படிக் கூடவில்லை.

உறைந்துபோன கிராஃப்ட்டுக்குள் சத்தமில்லாமல் தொற்று இருக்கக்கூடும் என்பதை அமெரிக்க மருத்துவர் கார்லோஸ் ஆயூஸும் சக ஆய்வாளரும் 1998இல் எழுதினார்கள். 2002இல் ஆயூஸ் இடம்பெற்ற குழு இன்னொரு படி போனது: ஈபிஓவுக்கு மசியாத ரத்தசோகைக்கும் நாள்பட்ட அழற்சிக்கும் இந்தப் பழைய கிராஃப்ட்டுகள் காரணமாக இருக்கலாம் என்று காட்டியது. ரத்த ஓட்டம் இல்லாத குழாய்க்குள் கிருமி இருந்தால் ரத்த வளர்ப்பில் அது வராமல் போகலாம். மருந்தும் அங்கே சரியாகப் போய்ச்சேராது. அதனால் மருந்து மட்டும் கொடுத்துப் பார்ப்பதில் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது. குழாயை எடுக்க வேண்டும்.

அவர் உடனே சம்மதிக்கவில்லை. வலிக்காத கையை ஏன் கிழிக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மருத்துவர் ஜனவரி முதல் ஜூலை வரையிலான எண்களை ஒரே தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மகள்களிடம் காட்டிவிட்டு, அடுத்த வியாழக்கிழமை சரி என்றார்.

ஆகஸ்டில் அறுவை சிகிச்சை நடந்தது. குழாய் முழுவதும் எடுக்கப்பட்டது. வளைவில் ஒரு பகுதி சுற்றியுள்ள திசுவோடு ஒட்டாமல் தனியாக வந்தது, அங்கே கெட்டியான சீழ் இருந்தது. வளர்ப்பில் ஸ்டேஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். எல்லார் தோலிலும் குடியிருக்கும் சாதாரணக் கிருமி. செயற்கைப் பொருள் கிடைத்தால் அதன்மேல் படலமாகப் படர்ந்து ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். சில வாரங்களுக்கு டயாலிசிஸ் முடியும் நேரத்தில் வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தோம்.

எடுத்த பிறகு

அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டாம் நாள் சிஆர்பி 96. குடும்பம் பயந்துவிட்டது. கத்தி பட்டால் ஏறத்தான் செய்யும். அந்த நாளில் அதை எடுத்துப் பார்ப்பதில் பொருள் குறைவு. மூன்றாம் வாரம் 15. அக்டோபரில் 6. டிசம்பரில் 5.

அல்புமின் இவ்வளவு வேகமாக நகராது. அதன் அரை ஆயுளே ஏறக்குறைய 20 நாள். செப்டம்பரில் 32, அக்டோபரில் 34, மறு ஜனவரியில் 37. சமையலில் ஒன்றும் மாறவில்லை. அதே வெள்ளைக்கரு, அதே தெங்கிரி. புரதப் பொடியை நிறுத்திவிட்டார்கள். ஹீமோகுளோபின் 10.8 ஆனது, ஈபிஓவைப் பாதியாக, 8,000 யூனிட்டாகக் குறைத்த பிறகும். ஃபெரிட்டின் 640க்கு வந்தது, இரும்பு நிறைவு 26. டிரை வெயிட்டை 64.5க்கு ஏற்றினோம், இந்தத் தடவை கணுக்காலில் விரல் பதியவில்லை. கைப்பிடி 26 கிலோ. 28ஐ இன்னும் தொடவில்லை. போன சதை அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை, அதற்குத் தனியாக உடற்பயிற்சி வேண்டும், பிசியோதெரபிஸ்ட்டிடம் போகிறார்.

தேடல் நடந்துகொண்டிருந்தபோது மூத்த மகள் கேட்டார்: "கொலஸ்ட்ரால் மாத்திரை அழற்சியையும் குறைக்கும்னு படிச்சேன். அதைக் கொடுத்து சிஆர்பியை இறக்கிட்டா போதாதா?" நல்ல கேள்வி. அதற்கான பதில் பெரிய ஆய்வுகளிலேயே இருக்கிறது. 2005இல் வந்த ஃபோர்-டி ஆய்வு நீரிழிவுள்ள 1,255 டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தது. 2009இல் வந்த அரோரா ஆய்வு 2,776 பேருக்கு ரோசுவாஸ்டாட்டினைச் சோதித்தது. அரோராவில் கொலஸ்ட்ராலும் இறங்கியது, சிஆர்பியும் இறங்கியது. ஆனால் இரண்டு ஆய்விலுமே மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு ஆகியவற்றைச் சேர்த்த கணக்கில் தெளிவான பலன் வரவில்லை. எண்ணை இறக்குவதும் எண்ணை ஏற்றிய காரணத்தை நீக்குவதும் ஒன்றாகாது. இன்டர்லூக்கின்-6ஐ நேராகத் தடுக்கும் கிளாசாகிசுமாப் போன்ற மருந்துகளை இப்போது டயாலிசிஸ் நோயாளிகளிடம் சோதிக்கிறார்கள். சிஆர்பி அதில் வெகுவாக இறங்குகிறது. ஆனால் உயிர் காக்கிறதா என்பதுதான் கேள்வி. கையில் சீழை வைத்துக்கொண்டு அழற்சியை மட்டும் அடக்கும் மருந்து எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கொலஸ்ட்ரால் பற்றி இன்னொன்று. ஜூலையில் அவருடைய மொத்தக் கொலஸ்ட்ரால் நன்றாகக் குறைந்திருந்தது. வீட்டில் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். டயாலிசிஸ் நோயாளியிடம் தானாகக் குறையும் கொலஸ்ட்ரால் நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை. 2004இல் வந்த ஓர் ஆய்வு 823 பேரைப் பார்த்தது. மொத்தமாகப் பார்த்தால் கொலஸ்ட்ரால் குறைந்தவர்களே அதிகம் இறந்தார்கள். அழற்சியும் சத்துக்குறைவும் இல்லாதவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, டயாலிசிஸ் எடுக்காத மற்றவர்களைப் போலவே கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்குத்தான் ஆபத்து. அழற்சி உள்ளே இருந்தால் மற்ற எண்களின் பொருளே திரும்பிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஒருவருடைய சிஆர்பி இறங்கியதால் அவர் ஆயுள் இவ்வளவு கூடியது என்று சொல்ல முடியாது. ஒரு நோயாளியை வைத்து அப்படிச் சொல்வது அறிவியல் ஆகாது. அவர் இதயத் தமனிகளில் ஏற்கெனவே சுண்ணாம்பு படிந்திருக்கிறது. கிராஃப்ட்டை எடுத்ததால் அது கரையாது. டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரை அதிகம் எடுப்பவை இதய நோயும் தொற்றும். இவருக்குத் தொற்றின் ஒரு மூலத்தை நீக்கினோம். அது பொங்கி ரத்தத்தில் கலந்திருந்தால் வால்வுக்கோ முதுகெலும்புக்கோ போயிருக்கலாம், அதைத் தடுத்தோம். அவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும். அடுத்த பங்குனி உத்திரத்துக்கு ஆலயத்தில் முழு நேரமும் நின்றார் என்று மனைவி சொன்னார்.

அதே மாதம் சிஆர்பி மறுபடி 22. இந்தத் தடவை மூன்று மாதம் காத்திருக்கவில்லை. ஒரு வாரத்தில் எடுத்த இரண்டாவது முடிவு 24. அன்றே காலணி, காலுறை கழற்றி விரல் இடுக்குகளை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம். வலது காலில் நான்காவது, ஐந்தாவது விரலுக்கு இடையில் தோல் வெடித்து உள்ளே ஈரமாக இருந்தது. நீரிழிவால் காலில் உணர்வு குறைந்ததால் அவருக்குத் தெரியவில்லை. கால் பராமரிப்பு நிபுணர் சுத்தம் செய்து கட்டுப் போட்டார், மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் 6.

மற்றவர்கள் கேட்பது

இந்தச் செய்தி மையத்தில் பரவியதும் எல்லாரும் சட்டையைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். "என் கையிலயும் பழைய கிராஃப்ட் கிடக்கு. நானும் எடுத்துடணுமா?" வேண்டியதில்லை. சிஆர்பி அமைதியாக, அல்புமின் நிலையாக, ஈபிஓ அளவு ஏறாமல் இருந்தால் அந்தக் குழாயைத் தொட வேண்டாம். அறுவை சிகிச்சையின் ஆபத்து உண்மையானது. காரணம் தெரியாமல் எண்கள் சேர்ந்து நகரும்போதுதான் அதைச் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் முதலில் வாய், கால், நெஞ்சு, தேங்கிய தண்ணீர், இப்போது ஓடும் வழி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் தோற்றுப்போய் உள்ளேயே இருப்பவர்களுக்கு அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் மாதாந்தரத் தாளில் என்ன பார்க்கலாம் என்றும் கேட்கிறார்கள். அல்புமின் இறங்கியிருந்தால், சாப்பாடு குறையாமல் இருந்தால், "சிஆர்பி எடுத்தீர்களா, போன தடவை எவ்வளவு" என்று கேளுங்கள். ஒரே எண்ணைக் கேட்காதீர்கள், மூன்று முடிவைச் சேர்த்துக் கேளுங்கள். ரத்தம் டயாலிசிஸ் தொடங்கும் முன் எடுத்ததாக இருக்க வேண்டும். ஃபெரிட்டின் ஏறிக்கொண்டே போய் ஹீமோகுளோபின் இறங்கினால் அதையும் சொல்லுங்கள். கழுத்துப் பட்டன் தளர்ந்தால், மோதிரம் கழன்றால், தராசு என்ன காட்டினாலும் எங்களிடம் வந்து சொல்லுங்கள். உங்கள் வீட்டு மனிதர் இளைத்தது எங்களுக்கு முன் உங்களுக்குத் தெரியும்.

எங்கள் மையத்தில் இப்போது சிஆர்பி அடுத்தடுத்து இரண்டு தடவை 10ஐத் தாண்டினால் அன்றைய வேளையில் இருக்கும் தாதி இரண்டு சட்டைக் கைகளையும் சுருட்டி, காலுறையையும் கழற்றிப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறார். உணவியல் நிபுணருக்குச் சீட்டு எழுதுவது அதற்கு அடுத்த வேலை.